20 வருஷத்துக்கு முன் ரைட் செய்த டிவிடிகள் படிக்க மறுக்கின்றன. இனி எந்த டிஸ்க்கில் ஏற்றி வைப்பது?

நாகை_ஸ்டூடியோ | 9 மார்ச் 2025

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா நாகப்பட்டினத்தில் 1994-லிருந்து கல்யாண வீடியோ எடுத்தவர். சுனாமிக்கு அப்புறம், 2005 தொடக்கத்திலிருந்தே, அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமிருந்து ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தார்கள். வீட்டோடு ஆல்பமும் கேசட்டும் போய்விட்டது, உங்களிடம் காப்பி இருக்குமா என்று கேட்டு வந்தார்கள். இறந்துபோனவர் நடப்பதையும் பேசுவதையும் பார்க்க அந்தக் கேசட்டை விட்டால் வேறு வழியில்லை, அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. அப்பா அந்த வருஷம் புது ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டு, கையிலிருந்த விஎச்எஸ், மினி டிவி (MiniDV, சின்ன வீடியோ கேமரா டேப்) கேசட்டுகளையெல்லாம் டிவிடியில் ஏற்றினார். வந்தவருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. காசு வாங்கவில்லை.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். அவரிடம் இருந்த டிவிடி ஓடவில்லை. கடைக் காப்பியை எடுத்துப் போட்டேன். தாலி கட்டும் வரை நன்றாக ஓடியது. பந்தி ஆரம்பிக்கிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. பந்தியில் அவருடைய அப்பா இலைக்கு இலை போய் விசாரிக்கிற காட்சி இருக்கிறது. அவர் கேட்டு வந்தது அந்தக் காட்சியைத்தான்.

அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 412 டிஸ்க். இதுவரை 150 சோதித்ததில் 31 தகராறு செய்கின்றன. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையும் சேர்த்தால் 1.4 டிபி வரும். எல்லாவற்றையும் மறுபடி நல்ல டிஸ்க்கில் ஏற்றி வைக்க ஆசை. எம்-டிஸ்க் ஆயிரம் வருஷம் தாங்கும் என்று போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா? சாதாரண புளூரே போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டிரைவ் | 9 மார்ச் 2025

தம்பி, புது டிஸ்க் வாங்குவது அப்புறம். முதலில் அந்த 31-ஐயும் பிளேயரில் போட்டுப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளைப் பசை வைத்து ஒட்டியது. பதிவு அந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே ஏறுவதால் வெளி ஓரம்தான் முதலில் கெடும். உங்களுக்குத் தாலி ஓடி, பந்தி நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அந்த அக்காவிடம் இருக்கிற காப்பியை வாங்கி வையுங்கள். தூக்கிப் போட்டுவிடப் போகிறார். இரண்டும் ஒரே இமேஜிலிருந்து (முழு டிஸ்க்கின் நகலான ஒரே ஃபைல்) ரைட் செய்ததா என்று பாருங்கள். அப்படியானால் வழி இருக்கிறது. டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளில் கடைக் காப்பியை முதலில் படிக்க விடுங்கள். எந்தெந்த செக்டர் (டிஸ்க்கில் பதிவின் ஒரு சிறு துண்டு) கிடைக்கவில்லை என்று அது ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும். பிறகு அதே மேப் ஃபைலைக் கொடுத்து அக்காவின் காப்பியைப் படிக்க விட்டால், விடுபட்ட செக்டர்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பும். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

டிரைவையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சாவகாசமாகப் படித்துக் கொடுக்கும். துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் டிராக்கோடு ஓடும், பிழை திருத்தத்தால் சமாளிக்க முடியாது.

மூலக் கேசட் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

நாகை_ஸ்டூடியோ | 9 மார்ச் 2025

மிக்க நன்றி அண்ணா. கேசட் பெரும்பாலும் இல்லை. அப்பா மினி டிவி டேப்பை அழித்து அழித்து உபயோகித்தார், அந்தக் காலத்து விலை அப்படி. தேடியதில் 38 டேப் கிடைத்தது. இரண்டு காப்பியும் ஒரே இமேஜ்தான், அடுத்தடுத்து ரைட் செய்தவை.

இன்னொன்று. சிடிகள் சிலவற்றில் அப்பா மணமக்கள் படம் அச்சிட்ட வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். ஒன்றின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, மெதுவாக உரித்தேன். ஸ்டிக்கரோடு வெள்ளித் தகடும் செதிலாக வந்துவிட்டது. டியூப்லைட் பக்கம் பிடித்தால் அந்த இடத்தில் டிஸ்க் வழியாக விளக்கு தெரிகிறது.

பழைய_டிரைவ் | 9 மார்ச் 2025

ஐயோ, இனி ஒன்றையும் உரிக்காதீர்கள். சிடி டிவிடி மாதிரி இல்லை. அதில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுதும் கீழே. பதிவும் வெள்ளிப் படலமும் மேலே, பெயர் எழுதுகிற பக்கம். அதற்கு மேல் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். கீழே விழும் கீறலைவிட மேலே விழும் கீறல்தான் சிடிக்கு எமன். அந்தப் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் அப்படித்தான். ஸ்டிக்கர் இருக்கிறபடியே விட்டு, படிக்க முடிந்ததைப் படித்து எடுங்கள். டேப் 38-ஐயும் ஃபயர்வயர் என்ற கேபிள் இணைப்பு உள்ள பழைய கணினியில் உடனே ஏற்றுங்கள், அவை டிவிடியைவிடத் தெளிவாக இருக்கும்.

கல்லெழுத்து | 10 மார்ச் 2025

புது டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். என் ஓட்டு எம்-டிஸ்க்குக்கு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மில்லெனியாட்டா என்ற நிறுவனம் கொண்டுவந்தது. மற்ற டிவிடி-ஆர்களில் (நாம் எழுதும் டிவிடிகளில்) லேசர் சாயத்தைக் கருக்கி எழுதும். சாயம் கரிமப் பொருள், வெயிலிலும் சூட்டிலும் தானாகவே மாறும். எம்-டிஸ்க்கில் சாயம் கிடையாது, கல் போன்ற கனிமப் படலத்தில் லேசர் குழி போடுகிறது.

அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் மையம் 2009-ல் 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், கூடவே கடும் வெளிச்சம் என்று வைத்துச் சோதித்தது. ஆவணத் தரம் என்று விற்ற மற்ற ஐந்து பிராண்டும் தோற்றன, எம்-டிஸ்க் நின்றது. நம் ஊர் வெயிலுக்கு வேறு என்ன வேண்டும்?

கிரணம் | 10 மார்ச் 2025

கல்லெழுத்து சொன்ன சோதனை உண்மை. ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. பிரான்சின் தேசிய அளவியல் ஆய்வகமான எல்என்இ 90 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரச் சோதனை செய்தது. அதில் கனிமப் படல டிவிடிகள் சாதாரண டிவிடியைவிட அதிக காலம் தாங்கவில்லை. கண்ணாடியால் செய்த ஒரு டிஸ்க்தான் தாக்குப்பிடித்தது. ஏன் இந்த வித்தியாசம்? படலம் கல்லாக இருந்தாலும் அதை மூடியிருக்கிற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கும் பசையும் எல்லா டிவிடியிலும் இருக்கிற அதே சரக்குதானே.

ஆயிரம் வருஷம் என்பதை யாரும் காத்திருந்து பார்க்கவில்லை. அதிக சூட்டில் சில வாரம் வேகவைத்து, கெடும் வேகத்தைக் கணக்கிட்டு, அதை அறை வெப்பநிலைக்கு நீட்டிச் சொல்வது. ஐஎஸ்ஓ 10995 என்ற தரநிலையே அதற்கு இருக்கிறது. ஒரு டிஸ்க்கை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிட உதவாது.

என் கருத்து: தம்பியின் 1.4 டிபிக்கு டிவிடி சரிவராது. புளூரே-ஆர் 25 ஜிபி, அதுவும் எச்டிஎல் வகை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் கடையில் ஏமாறுகிற இடம் இதுதான்.

புளூரே-ஆர் முதலில் வந்தபோதே சாயம் இல்லாமல்தான் வந்தது. செம்பு, சிலிக்கான் போன்ற கனிமப் படலங்கள், லேசர் பட்டால் இரண்டும் கலந்து உலோகக் கலவையாகிவிடும். எழுதிய இடம் மங்கும் என்பதால் ஹை டு லோ, சுருக்கமாக எச்டிஎல். அப்புறம் பழைய டிவிடி ஆலைகளின் சாயம் பூசும் இயந்திரத்தையே வைத்து மலிவாகச் செய்ய எல்டிஎச் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். லோ டு ஹை. அதில் மறுபடி சாயம். புளூரே என்ற பெயரை நம்பி எல்டிஎச் வாங்கினால் சாய டிவிடியின் பலவீனம் அப்படியே கூட வரும். 2011-ல் நான் வாங்கிய ஒரு கட்டு எல்டிஎச் ஐந்து வருஷம்கூட நிற்கவில்லை. அதே பீரோவில் அதே தட்டில் இருந்த எச்டிஎல் இன்னும் படிக்கிறது.

ஆக, நல்ல எச்டிஎல் புளூரேயும் கனிமம்தான். எம்-டிஸ்க் புளூரேக்கும் அதற்கும் இருக்கிற இடைவெளி, எம்-டிஸ்க் டிவிடிக்கும் சாதாரண டிவிடிக்கும் இருந்த அளவு பெரிதல்ல.

நாகை_ஸ்டூடியோ | 10 மார்ச் 2025

சார், கடையில் பார்த்து எது எச்டிஎல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிரணம் | 10 மார்ச் 2025

எல்டிஎச் என்றால் பெரும்பாலும் பெட்டியிலேயே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரித்த பிறகு கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். எல்டிஎச் மஞ்சள், பொன் நிறத்தில் இருக்கும். எச்டிஎல் கருத்த சாம்பலாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

உறுதியாகத் தெரிய, டிரைவில் போட்டு இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் உற்பத்திக் குறியைப் பாருங்கள். பெட்டியில் இருக்கிற பிராண்ட் ஒன்று, உள்ளே செய்து கொடுத்த ஆலை வேறாக இருக்கும். எம்-டிஸ்க் என்று அச்சிட்ட புளூரே சிலவற்றில் மில்லெனியாட்டா குறிக்குப் பதில் வேறு குறி வருகிறதே என்று 2022-ல் இணையத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. முதலில் ஐந்து டிஸ்க் வாங்கி, குறி பார்த்து, ரைட் செய்து சோதித்துவிட்டு, அதே கடையில் அதே கட்டை மொத்தமாக எடுங்கள்.

சர்வர்_ரூம் | 11 மார்ச் 2025

மன்னிக்கவும், ஒரு அடிப்படைக் கேள்வி. 1.4 டிபி என்பது இன்றைக்கு ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் பாதிகூட இல்லை. இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கிளவுட் கணக்கும் போதுமே? நிறுவனங்கள் எல்டிஓ என்ற பேக்கப் டேப்புக்குப் போகின்றன, எல்டிஓ-9 ஒரு டேப்பில் 18 டிபி. ஐம்பது, அறுபது டிஸ்க் ரைட் செய்துகொண்டு உட்கார வேண்டுமா?

பழைய_டிரைவ் | 11 மார்ச் 2025

ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அதுவும் வேண்டும். ஆனால் அது இயந்திரம். மோட்டார், ஹெட், சர்க்யூட் போர்டு, மூன்றில் எது போனாலும் எல்லாம் ஒன்றாகப் போகும். வைரஸ் வந்தால் அழியும், அவசரத்தில் கை தவறி ஃபார்மேட் செய்தால் அழியும். எஸ்எஸ்டியோ, மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் வைத்தால் மின்னூட்டம் கசியும். ஒருமுறை எழுதும் டிஸ்க்கை யாரும் அழித்து எழுத முடியாது. கெட்டாலும் ஒன்று கெடும், மற்றவை இருக்கும். எல்டிஓ நல்லதுதான், ஆனால் அந்த டிரைவ் விலைக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ எங்கே போகும்?

டிஸ்க்கைப் பெரிய இடங்களும் ஒதுக்கவில்லை. ஃபேஸ்புக் 2014-ல் ஒரு அலமாரியில் 10,000 புளூரே, மொத்தம் ஒரு பெட்டாபைட் (ஆயிரம் டிபி) என்று மாதிரி செய்து காட்டியது.

ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு செட் புளூரே, இன்னொரு செட் வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில். நாகப்பட்டினத்துக்காரருக்கு வேறு ஊர் ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சர்வர்_ரூம் | 11 மார்ச் 2025

சரி, அழிக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

யாழ்_வாசகசாலை | 12 மார்ச் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இறுவட்டு என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர் வாசகசாலையின் பழைய மலர்கள், மரண அறிவித்தல் பிரசுரங்கள், கோவில் விஞ்ஞாபனங்கள் எல்லாவற்றையும் வருடி (ஸ்கேன் செய்து) 2007-இலிருந்து இறுவட்டில் சேமித்து வந்தோம். நான் கண்டது ஒன்றுதான்: எந்த வட்டு என்பதைவிட எங்கே வைத்தோம் என்பதுதான் கூடக் கணக்கில் வந்தது. ஒரே கட்டில் வாங்கிய வட்டுகளில், இறுகிய தகரப்பெட்டிக்குள் இருந்தவை தப்பின. யன்னலோரம் பிளாஸ்டிக் உறை அல்பத்தில் இருந்தவை பழுது.

பெலிஸ் நாட்டில் 2001-இல் ஒரு இறுவட்டைப் பூஞ்சணமே தின்றிருந்ததை ஸ்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஓரத்தால் உள்ளே போய்ப் படலத்தைத் தின்றிருந்தது. அதுவும் எங்கள் மாதிரிப் புழுக்கமான தேசம்தான்.

அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேட்டில் 4 முதல் 20 டிகிரி, 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று இருக்கிறது. எங்கள் கடற்கரைகளில் அந்த ஈரப்பதத்தைத் திறந்த அறையில் காண ஏலாது. தம்பி ஸ்டூடியோ நடத்துகிறவர் என்றபடியால் கேட்கிறேன், லென்ஸ் வைக்கிற டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) இருக்கும்தானே?

நாகை_ஸ்டூடியோ | 12 மார்ச் 2025

இருக்கிறது ஐயா! 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். மேல்தட்டு காலியாகத்தான் கிடக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

யாழ்_வாசகசாலை | 12 மார்ச் 2025

அப்ப பாதி வேலை முடிஞ்சுது. வேறு ஊருக்குப் போகிற செட்டுக்கு ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். ஒவ்வொன்றையும் தனிக் கெட்டிப் பெட்டியில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.

கிரணம் | 13 மார்ச் 2025

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல டிஸ்க் வாங்கிவிட்டு இங்கே கோட்டை விடுபவர்கள் அதிகம்.

25 ஜிபியையும் நிரப்பாதீர்கள். 20 ஜிபி அளவுக்கு வீடியோ வைத்து, மிச்ச இடத்தை டிவிடிசாஸ்டர் என்ற மென்பொருளிடம் கொடுங்கள். பின்னால் சில செக்டர் படிக்காமல் போனாலும் கணக்குப் போட்டு மீட்கிற அளவுக்குத் திருத்தத் தகவலை அது அந்த இடத்தில் நிரப்பும். உங்கள் 1.4 டிபிக்கு இந்தக் கணக்கில் 70 டிஸ்க், இரண்டு செட் 140. வேகம் 4 எக்ஸ். ஒரு டிஸ்க்குக்கு 25 நிமிஷம், சரிபார்க்க இன்னொரு அவ்வளவு நேரம். ஒரு நாளைக்கு நாலு என்று வைத்துக்கொண்டால் சலிக்காது. பேக்கப் மென்பொருளின் சொந்த வடிவம் வேண்டாம், சாதாரண ஃபைலாகவே வையுங்கள்.

ரைட் செய்ததும் பிழை அளவைப் பாருங்கள். எல்லா டிரைவும் காட்டாது, காட்டுகிற டிரைவ் ஒன்றைத் தேடி வாங்குவது வீண்செலவில்லை. டிவிடியில் எட்டு பிளாக்குக்கு (பதிவுத் தொகுதிக்கு) 280 பிஐ பிழை (படிக்கும்போதே டிரைவ் திருத்திக்கொள்ளும் சிறு பிழை) வரை தரநிலை அனுமதிக்கிறது. படம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால், 10 பிழை உள்ள டிஸ்க்கும் 270 உள்ள டிஸ்க்கும் ஒரே மாதிரி ஓடும். இரண்டாவது டிஸ்க் விளிம்பில் நிற்கிறது என்று படத்தைப் பார்த்து யாருக்கும் தெரியாது. புளூரேக்கு இதே மாதிரி எல்டிசி, பிஐஎஸ் என்ற அளவுகள். முதல் நாள் கிடைத்த எண்ணை எழுதி வைத்து, வருஷம் ஒருமுறை பத்து டிஸ்க்கை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். எண் ஏறினால், படிக்க முடிகிறபோதே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். உங்கள் அப்பாவின் டிவிடிகளிலும் நின்றுபோவதற்குச் சில வருஷம் முன்பே அந்த எண் ஏறியிருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெயரை நடுத் துளையைச் சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையத்தில், தண்ணீரில் கரையும் மையுள்ள பேனாவால் எழுதுங்கள்.

மோதிரவட்டம் | 14 மார்ச் 2025

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: தள்ளிப்போடாதீர்கள். ஜப்பானின் தையோ யூடன் 2015 முடிவோடு டிஸ்க் தொழிலை விட்டது. பானாசோனிக் 2023 பிப்ரவரியில் எழுதும் புளூரேயை நிறுத்தியது. சோனி போன மாதம்தான் எழுதும் புளூரேயையும் மினி டிவி டேப்பையும் ஒன்றாக நிறுத்தியது. நம் நாட்டிலேயே கிரேட்டர் நொய்டாவில் மோசர் பேயர் உலகத்தின் பெரிய டிஸ்க் ஆலைகளில் ஒன்றாக இருந்தது. 28 ரூபாய்க்குத் தமிழ்ப்பட விசிடி கொடுத்தவர்கள். அதுவும் கடனில் மூழ்கி 2018-ல் கலைப்புக்குப் போனது. இப்போது கையில் கிடைப்பதில் பெரும்பங்கு தைவான் சரக்கு.

டிஸ்க்கோடு இரண்டு டிரைவும் வாங்குங்கள். ஒன்றைப் பிரிக்காமல் அதே டிரை கேபினட்டில் வையுங்கள். டிஸ்க் நூறு வருஷம் இருந்து, படிக்க டிரைவ் இல்லாவிட்டால் என்ன செய்வது?

கல்லெழுத்து | 14 மார்ச் 2025

நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். 70 டிஸ்க்குக்கும் எம்-டிஸ்க் என்றால் செலவு எகிறும். எச்டிஎல் போதும். ஆனால் சுனாமியில் போனவர்கள் இருக்கிற கல்யாணங்களை மட்டும் தனியாகப் பிரித்து மூன்றாவது காப்பியாக எம்-டிஸ்க்கில் வையுங்கள். அதை எந்த புளூரே ரைட்டரிலும் எழுதலாம். எம்-டிஸ்க் டிவிடி எழுதத்தான் அதற்கென்ற டிரைவ் வேண்டும்.

நாகை_ஸ்டூடியோ | 27 ஏப்ரல் 2025

எல்லாருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும், முகூர்த்த மாதம்.

பழைய டிரைவ் அண்ணா சொன்னபடி அந்த அக்காவின் கல்யாணத்தை முதலில் எடுத்தேன். கடைக் காப்பியில் 1,84,000 செக்டர் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட 377 எம்பி, பத்து நிமிஷப் படம். அக்காவின் காப்பியைப் போட்டு இரவு முழுதும் ஓட விட்டேன். காலையில் பார்த்தால் மிச்சம் 212 செக்டர். படத்தில் ஒரு விநாடிகூட இல்லை. அவருடைய காப்பி உள்பக்கம் கீறி முதலிலேயே நின்றுவிடுகிறது, ஆனால் வெளி ஓரம் நன்றாக இருந்திருக்கிறது. பந்தி முழுதும் வந்துவிட்டது. கடைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் அப்பா ஒரு இலை முன்னால் குனிந்து, "பாயசம் வந்துச்சா?" என்று கேட்கிறார். அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். இதைச் சொல்லிக் கொடுத்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இதுவரை 22 டிஸ்க் ரைட் செய்திருக்கிறேன், எச்டிஎல், குறி பார்த்து வாங்கியது. அளந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி கேபினட் கதவில் மாட்டியிருக்கிறேன். இரண்டாவது செட் திருச்சியில் அத்தை வீட்டுக்குப் போகிறது. 38 டேப்பில் 35 ஏறிவிட்டது, மூன்றில் பூஞ்சை.

சுற்றுவட்டாரத்தில் அப்பா காப்பி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், ஓடாத டிவிடி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வீட்டில் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த பெட்டி 2006. அதில் டூயல் லேயர் (இரண்டு பதிவு அடுக்கு உள்ள) டிவிடி நிறைய இருக்கிறது, பாதியில் லேயர் மாறும் இடத்தில் பல நிற்கின்றன. அதை மீட்ட அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பழைய_டிரைவ் | 27 ஏப்ரல் 2025

இருக்கிறேன் தம்பி. எந்த டிரைவில் போட்டுப் பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்த மூன்று டேப்பையும் எந்த பிளேயரிலும் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். தனியாக எடுத்து வையுங்கள், சுத்தம் செய்யும் முறையை நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.